இரண்டு ஓட்டைகள்

ஆரணியின் நெசவாளர் தெருக்கள் சிலவற்றில் விடியற்காலையில் நடந்தால், தெரு நீளத்துக்குப் பாவு நீட்டியிருப்பதை இன்றும் பார்க்கலாம். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். பாவின் இரு பக்கமும் நிற்பவர்கள் இழைகளை விரலால் ஒதுக்கியபடியே நகர்வார்கள். அறுந்த இழை கண்ணில் பட்டால் நின்று, இரு முனைகளையும் சேர்த்து முடிந்துவிட்டு அடுத்த அடி வைப்பார்கள். கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த ஊரிலும், சேவூர், தேவிகாபுரம் என்று சுற்றியுள்ள ஊர்களிலும் இழை அறுவது அன்றாடச் சங்கதி. அதற்காக யாரும் வருந்துவதில்லை.

முடிந்து சரிசெய்ய முடியாத அறுபடல் ஒன்று உண்டு. அது தறிக்கு வெகு தொலைவில், நூல் இன்னும் கூட்டை விட்டு வெளியே வராத நிலையிலேயே நடந்துவிடுகிறது. ஒரு பட்டுக்கூடு முழுவதும் ஒரே நூல். புழு தன்னைச் சுற்றிச் சுற்றி, இடையில் அறாமல் இழுத்தது. நல்ல இனக் கூட்டில் அது ஆயிரம் மீட்டரைத் தாண்டும். அந்தக் கூட்டில் சிறியதாக ஓர் ஓட்டை விழுந்தாலும் போதும், அந்த இடத்தை நூல் எத்தனை முறை கடந்ததோ அத்தனை இடத்திலும் அறுந்துபோகும். வெந்நீரில் போட்டு நூல் பிரிப்பவருக்கு அந்தக் கூடு உதவாது. கழிவோடு ஒதுக்கிவிடுவார்.

இது முதல் ஓட்டை. இரண்டாவது ஓட்டையைப் பார்க்கப் பட்டுப்புழு வளர்ப்பு மனைக்குப் போக வேண்டியதில்லை. கொல்லைப்புறத்துச் செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாக, மாவு தூவியதுபோல ஒட்டியிருக்கும் பூச்சிகளைக் கையடக்க லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியலாம். சில பூச்சிகள் மட்டும் உப்பி, பழுப்பேறி, உமிபோல் உலர்ந்து கிடக்கும். அவற்றின் முதுகில் ஊசி முனையால் குத்தியதுபோல் வட்டமாக ஒரு துளை.

முதல் ஓட்டையைப் பார்த்தால் பட்டு விவசாயிக்கு வயிறு எரியும். இரண்டாவதைப் பார்த்தால் அவர் மகிழ வேண்டும். ஆனால் இரண்டையும் போட்ட உயிர்கள் செய்த வேலை ஒன்றுதான்: இன்னொரு பூச்சியின் உடலுக்குள் வளர்ந்து, அதைத் தின்று முடித்து, வெளியே வந்திருக்கின்றன. ஓர் ஊரில் ஓர் உயிரினம் எத்தனை இருக்கும், ஏன் திடீரெனப் பெருகும், ஏன் அடங்கும் என்ற கேள்விக்கு இந்த இரண்டு ஓட்டைகள் வழியாகவே விடை தேடலாம்.

இலைக்கு வந்த பங்காளி

ஆரணியில் தறிகள் உண்டு. அந்தத் தறிகளுக்கு வேண்டிய கூடுகள் பெரும்பாலும் வேறு இடங்களில் விளைகின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஈரோடு, திருப்பூர், தேனி மாவட்டங்களிலும் கர்நாடகத்திலும் மல்பெரித் தோட்டங்கள் இருக்கின்றன. பட்டுப்புழு மல்பெரி இலையை மட்டுமே நம்பி வாழ்கிறது. ஒரு புழு கூடு கட்டுவதற்குள் ஏறத்தாழ 20 முதல் 25 கிராம் இலை தின்னும். ஒரு சேலைக்கான பட்டுக்கு இரண்டாயிரத்துக்குக் குறையாத கூடுகள் வேண்டும். அப்படியானால் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் ஒவ்வொரு பட்டுச் சேலைக்குப் பின்னாலும் நாற்பது, ஐம்பது கிலோ மல்பெரி இலை இருக்கிறது.

அந்த இலைக்கு 2008-இல் எதிர்பாராத பங்காளி ஒன்று வந்தது. கோயம்புத்தூரில் அந்த ஆண்டு பப்பாளி மரங்களில் புதிய மாவுப்பூச்சி ஒன்று கண்டறியப்பட்டது. அறிவியல் பெயர் பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ். மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் அதன் தாயகம். 1990-களில் கரீபியத் தீவுகளில் பரவியது; 1998-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தென்பட்டது; பிறகு பசிபிக் தீவுகளுக்குத் தாவியது. இந்தியாவுக்கு வந்த அதே 2008-இல் இலங்கையிலும் இந்தோனேசியாவிலும் கால் வைத்தது. பெயர்தான் பப்பாளி மாவுப்பூச்சி. மரவள்ளி, பருத்தி, காட்டாமணக்கு, செம்பருத்தி, துத்தி, பார்த்தீனியம் என்று அது ஏறாத செடி குறைவு. மல்பெரியும் அதற்குப் பிடித்துப்போனது.

2009-இல் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்து மல்பெரித் தோட்டங்கள் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆயின. பூச்சி சாற்றை உறிஞ்சியதால் இலைகள் சுருண்டு மஞ்சளாயின. அது கழித்த இனிப்பு நீர் இலைமேல் வழிந்து, அதில் கரும்பூசணம் படர்ந்தது. அந்த இலையைப் புழுவுக்குப் போட முடியாது. விவசாயிகள் அதைக் கள்ளிப்பூச்சி என்றார்கள். பலர் தோட்டத்தை வெட்டி எரித்தார்கள். சிலர் பட்டு வளர்ப்பையே விட்டார்கள்.

வேறு பயிராக இருந்தால் கடுமையான மருந்தை அடித்துப் பார்த்திருப்பார்கள். மல்பெரியில் அதற்கும் வழி குறைவு. பட்டுப்புழுவும் ஒரு பூச்சிதானே. மாவுப்பூச்சியைக் கொல்லும் நஞ்சு இலையில் சிறிது தங்கினாலும் புழுவைக் கொன்றுவிடும். மருந்தடித்தால் அதன் வீரியம் போகும்வரை இலை பறிக்காமல் காத்திருக்க வேண்டும். புழுவின் பசி காத்திருக்காது. போதாததற்கு, மாவுப்பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது. முட்டைகளைப் பஞ்சுப் பை ஒன்றுக்குள் பத்திரமாக இட்டு வைக்கிறது. தெளித்த மருந்து அதன்மேல் ஒட்டாமல் உருண்டு ஓடும்.

199-க்கும் 198-க்கும் இடையில்

ஒரு பூச்சி இவ்வளவு வேகமாக எப்படிப் பெருகியது? சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். இந்த மாவுப்பூச்சியின் பெண் நூறிலிருந்து அறுநூறு வரை முட்டையிடும். கணக்கு எளிதாக இருக்க 400 என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி, அதாவது 200, பெண்கள். முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை ஏறத்தாழ ஒரு மாதம். ஒரே ஒரு தாயிலிருந்து தொடங்கி, எதுவும் சாகாமல் இருந்தால் முதல் மாத முடிவில் 200 பெண்கள், இரண்டாவது மாதம் 40,000, மூன்றாவது மாதம் 80 லட்சம், நான்காவது மாதம் 160 கோடி.

இப்படி எங்கும் நடப்பதில்லை. இலை தீர்ந்துபோகும், மழை அடித்துக்கொண்டு போகும், எறும்பிலிருந்து பொறிவண்டு வரை யாராவது குறுக்கே வருவார்கள். பெருக்கத்துக்கு இடமும் இரையும் ஓர் உச்சவரம்பு போடுகின்றன என்பதை பெல்ஜியத்துக் கணிதவியலாளர் வெர்ஹுல்ஸ்ட் 1838-இலேயே சமன்பாடாக எழுதிவிட்டார். ஆனால் இந்தக் கணக்கை மறுபுறமிருந்து பார்த்தால்தான் அதன் கூர்மை தெரியும்.

ஒரு தோட்டத்தில் மாவுப்பூச்சியின் எண்ணிக்கை கூடாமலும் குறையாமலும் நிற்க வேண்டுமானால், ஒரு தாய்க்குப் பிறக்கும் 200 பெண்களில் ஒன்றே ஒன்று பிழைத்து முட்டையிட வேண்டும். 199 சாக வேண்டும். அதில் ஒன்று குறைந்து 198 செத்து, இரண்டு பிழைத்தால்? மாதாமாதம் இரட்டிப்பாகும். பத்து மாதத்தில் ஆயிரம் மடங்கைத் தாண்டிவிடும்.

அமைதியான தோட்டத்துக்கும் வெள்ளை பூத்த தோட்டத்துக்கும் இடையே இருநூறில் ஒரு சாவுதான் வேறுபாடு. நூற்றுக்கு 99-ஐக் கொல்லும் மருந்து என்று யாராவது விற்றால் நாம் நம்பி வாங்குவோம். இந்தப் பூச்சியை வேறு எதுவும் கொல்லாத ஊரில், அந்த மருந்து தோல்விதான். 99 விழுக்காடு என்பது இருநூறில் 198. எஞ்சிய இரண்டு போதும்.

மெக்சிகோவில் இந்தப் பூச்சி இருந்தது. ஆனால் தொல்லையாக இருந்ததில்லை. 1992-இல்தான் அதற்கு முறையாகப் பெயரே சூட்டினார்கள் என்பதிலிருந்து அது அங்கே எவ்வளவு அடக்கமாக இருந்தது என்று ஊகிக்கலாம். அங்கே அந்த 199-ஆவது சாவை யாரோ பார்த்துக்கொண்டார்கள். ஏதோ ஒரு செடியோடு ஒட்டிக் கடல் தாண்டி வந்தபோது பூச்சி மட்டும் வந்தது. எதிரி அங்கேயே தங்கிவிட்டது.

இங்கே வந்த இடத்தில் அதற்கு நண்பர்களும் கிடைத்தார்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைச் சுற்றியே திரிகின்றன. நெருங்கி வரும் எதிரிகளைக் கடித்து விரட்டுகின்றன. பூச்சிக்குக் காவல், எறும்புக்குச் சாப்பாடு. இப்படி இருவருக்கும் ஆதாயமான உறவை ஒன்றுக்கொன்று உதவும் கூட்டு வாழ்வு என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். அந்தக் கூட்டணியின் செலவு மல்பெரியின் கணக்கில் எழுதப்படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முளைவிட்ட உருளைக்கிழங்கில் வளர்ந்த குளவி

விட்டுப்போன எதிரியைத் தேடிக் கொண்டுவருவதே மிச்சமிருந்த வழி. அமெரிக்க வேளாண் துறை இதே பூச்சிக்கு எதிராக போர்ட்டோ ரிக்கோ தீவில் சில ஒட்டுண்ணிக் குளவிகளை ஏற்கெனவே வளர்த்து வந்தது. அவற்றில் மூன்று இனங்கள் 2010 ஜூலையில் பெங்களூருக்கு வந்தன. அங்கே வேளாண் பூச்சிகளுக்கான தேசிய ஆய்வகத்தின் தனிமைக் கூடத்தில் வைத்துச் சோதித்த பிறகு, அக்டோபரில் களத்தில் விட்டார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கும் வேலையை எடுத்துக்கொண்டது.

பெருக்கிய முறை எந்த வீட்டுச் சமையலறையிலும் செய்யக்கூடியது. உருளைக்கிழங்கை முளைக்க விட்டு, முளைகளில் மாவுப்பூச்சியை ஏற்றி, அவை பெருகியதும் குளவிகளை உள்ளே விட வேண்டும். சில வாரத்தில் புதிய குளவிகள் வெளிவரும். அவற்றைச் சிறு குப்பிகளில் அடைத்து விவசாயிகளிடம் கொடுத்தார்கள். தோட்டத்தில் குப்பியைத் திறந்தபோது பலருக்கு எதுவும் பறந்ததாகவே தெரிந்திருக்காது. மூன்றில் இங்கே நன்றாக நிலைபெற்ற அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவியின் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

பெண் குளவி மாவுப்பூச்சியின் இளம் பருவத்தைத் தேடிப் போகும். உணர்கொம்பால் தட்டிப் பார்க்கும். ஏற்கெனவே வேறொரு குளவி முட்டையிட்ட பூச்சியா என்பதைக்கூட இத்தகைய குளவிகள் பலவற்றால் உணர முடியும். பிறகு பின்முனையால் குத்தி உள்ளே முட்டையிடும். பொரிந்த புழு பூச்சியை உள்ளிருந்தே தின்னும். பூச்சியின் தோல் காய்ந்து உறைபோல் ஆகும். குளவி வளர்ந்து, அந்த உறையை வட்டமாகக் கடித்துத் திறந்து வெளியேறும். நாம் பார்த்த இரண்டாவது ஓட்டை அதுதான்.

சில மாதங்களில் வெள்ளை வடிந்தது. மரவள்ளி, பப்பாளி, மல்பெரி எல்லாம் மீண்டன. இந்த ஒரு குளவித் திட்டத்தால் இந்தியாவுக்கு ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 52 கோடி டாலர் மிச்சமானது என்று பின்னர் பொருளியல் ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, மாவுப்பூச்சி அழிந்துவிடவில்லை. இன்றும் செம்பருத்தியில் இருக்கிறது. குளவியும் இருக்கிறது. பூச்சி பெருகினால் குளவிக்குத் தேடும் நேரம் குறைகிறது, ஒரு நாளில் அதிகம் முட்டையிட முடிகிறது, குளவியும் பெருகுகிறது. பூச்சி குறைந்தால் குளவி அலைந்து திரிந்து பாதியில் செத்துப்போகிறது. பூச்சிக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கிறது. எண்ணிக்கை கூடக்கூட அழுத்தமும் கூடும், குறையக் குறைய அழுத்தமும் தளரும். நஞ்சுக்கு இந்தக் குணம் கிடையாது. பத்துப் பூச்சி இருந்தாலும் பத்து லட்சம் இருந்தாலும் தெளித்த அளவுக்குத்தான் வேலை செய்யும். மறுநாள் வந்த பூச்சியைத் தேடிப் போகாது. அந்த 199-ஆவது சாவைத் துல்லியமாகப் பார்த்துக்கொள்ள, தேடிப் போகும் ஒன்றுதான் வேண்டும்.

ஒளிய ஓர் இடம்

வேட்டையாடியும் இரையும் ஒன்றை ஒன்று முற்றிலும் அழிக்காமல் எப்படிக் காலம் தள்ளுகின்றன? 1958-இல் கலிபோர்னியாவின் ஹஃபேக்கர் என்ற பூச்சியியலாளர் இதை ஆரஞ்சுப் பழங்களை வைத்துச் சோதித்தார். பழத்தைத் தின்னும் ஒரு சிலந்திப்பேன், அந்தச் சிலந்திப்பேனைத் தின்னும் இன்னொரு பேன். பழங்களை நெருக்கி அடுக்கியபோது வேட்டைப்பேன் இரை முழுவதையும் தின்று தீர்த்தது. பிறகு தானும் பட்டினியில் செத்தது. பழங்களுக்கு இடையே ரப்பர் பந்துகளைக் கலந்து, வாசலின் தடவி வழியை அடைத்து, இரைப்பேன் நூல் விட்டுக் காற்றில் மிதந்து போகக் குச்சிகளை நட்டுவைத்தபோது கதை மாறியது. இரை ஓரிடத்தில் அழிந்து இன்னோரிடத்தில் துளிர்த்தது. வேட்டைப்பேன் பின்னாலேயே வந்தது. இரண்டும் ஏறி இறங்கி ஏறி மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தன.

வரப்பில் நிற்கும் துத்தியும் பார்த்தீனியமும் நம் ஊரில் அந்த ரப்பர் பந்துகளின் வேலையைச் செய்கின்றன. அங்கே கொஞ்சம் மாவுப்பூச்சி ஒளிந்திருக்கிறது என்றால், அதை நம்பிக் கொஞ்சம் குளவியும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். அடுத்த முறை தோட்டத்தில் பூச்சி ஏறும்போது குளவி போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வர வேண்டியதில்லை. வரப்பிலிருந்து வந்துவிடும்.

புகையானும் மீன் சந்தையும்

ஆரணிக்குப் பட்டு ஒரு முகம் என்றால் அரிசி மறுமுகம். ஆலைகள் நிறைந்த ஊர். சுற்றிலும் நெல் வயல்கள். அந்த வயல்களில் புகையான் என்றால் எல்லோருக்கும் தெரியும். பயிரின் அடித்தண்டில் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி அது. வட்ட வட்டமாகப் பயிர் காய்ந்து, தீயில் புகைந்ததுபோல் ஆவதால் அந்தப் பெயர்.

புகையான் முட்டைகளை இலையுறைக்குள் செருகி வைக்கிறது. தெளிக்கும் மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேர்வதில்லை. ஆனால் தண்ணீர் மட்டத்தில் ஓடித்திரியும் ஓநாய்ச் சிலந்தியையும், புகையானின் முட்டையைக் குத்தி உறிஞ்சும் பச்சை நாவாய்ப்பூச்சியையும் மருந்து நேராகத் தாக்குகிறது. பத்து நாளில் முட்டைகள் பொரிகின்றன. வேட்டையாட ஆள் இல்லை. அடிக்காத வயலைவிட அடித்த வயலில் புகையான் அதிகமாகிறது. இந்தோனேசியா இந்தப் பாடத்தை நாட்டு அளவில் படித்தது. மருந்துக்கு மானியம் கொடுத்துக் கொடுத்துப் புகையானால் திரும்பத் திரும்ப அடிபட்டு, கடைசியில் 1986-இல் நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளைத் தடை செய்தது.

இதே விதியைக் கணக்கில் கண்டவர் இத்தாலியின் வீட்டோ வோல்ட்டெரா. முதல் உலகப் போர் நடந்த ஆண்டுகளில் அட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு குறைந்தது. அந்தக் காலத்து மீன் சந்தைக் கணக்குகளைப் புரட்டிய டான்கோனா என்ற இளம் உயிரியலாளருக்கு ஒரு வியப்பு: சந்தைக்கு வந்த மீன்களில் சுறா போன்ற வேட்டை மீன்களின் பங்கு கூடியிருந்தது. மாமனாரான வோல்ட்டெராவிடம் காரணம் கேட்டார். வோல்ட்டெரா 1926-இல் வெளியிட்ட சமன்பாடுகள் விடை சொல்லின. இரையையும் வேட்டையாடியையும் ஒரே வலை அள்ளும்போது நட்டம் வேட்டையாடிக்குத்தான் அதிகம். அதற்கு ஆளும் குறைகிறது, சோறும் குறைகிறது. வலையை நிறுத்தினால் வேட்டையாடிக்கு ஆதாயம். வலை என்ற இடத்தில் பூச்சிமருந்து என்று போட்டால், அந்தச் சமன்பாடு புகையானின் வரலாறாகிவிடும்.

முதல் ஓட்டையைப் போட்டவர்

இப்போது பட்டுக்கூட்டின் ஓட்டைக்கு வருவோம். அதைப் போடுவது ஊஜி ஈ. பார்க்க வீட்டு ஈயின் பெரிய அண்ணன்போல் இருக்கும், முதுகில் கோடுகளோடு. புழுவைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. வங்காளத்தில் நெடுங்காலமாக இருந்த இந்த ஈ, 1980-இல் விதைக்கூடுகளோடு சேர்ந்து கர்நாடகத்துக்கு வந்து, அங்கிருந்து தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பரவியது.

வளர்ப்பு மனைக்குள் நுழைந்துவிட்டால், தாய் ஈ பட்டுப்புழுவின் தோல்மேல் வெள்ளைக் குண்டூசித் தலைபோல் முட்டையை ஒட்டும். இரண்டு மூன்று நாளில் பொரிந்த ஈப்புழு பட்டுப்புழுவைத் துளைத்து உள்ளே போகும். போன இடத்தில் கறுப்புத் தழும்பு நிற்கும். முன்கூட்டியே தாக்கினால் பட்டுப்புழு கூடு கட்டாமலே செத்துப்போகும். கடைசிப் பருவத்தில் தாக்கினால் கூடு கட்டும். ஆனால் உள்ளிருந்து ஈப்புழு கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே விழும். மண்ணிலோ தரை இடுக்கிலோ கூட்டுப்புழுவாகி, பத்துப் பன்னிரண்டு நாளில் ஈயாகும்.

மாவுப்பூச்சிக்குக் குளவி செய்ததை அடி பிசகாமல் ஊஜி ஈ பட்டுப்புழுவுக்குச் செய்கிறது. முட்டை, உள்ளே வளர்ச்சி, ஓட்டை. குளவியைக் கொண்டாடிக் குப்பியில் அடைத்து விநியோகித்த நாம், ஈயைத் தடுக்கக் கதவிலும் சன்னலிலும் நைலான் வலை கட்டுகிறோம். நன்மை செய்யும் பூச்சி, தீமை செய்யும் பூச்சி என்ற பிரிவினை பூச்சிகளின் குணத்தில் இல்லை. அது நம் வரவுசெலவுக் கணக்கில் இருக்கிறது. உயிரினங்களுக்கு இடையே இருப்பவை உறவுகள் மட்டும்தான்: யார் யாரைத் தின்கிறார், யாருக்கு யார் காவல், யாருடைய இலைக்கு யார் போட்டி.

ஊஜி ஈக்கும் ஒரு குளவி உண்டு. நெசோலிங்ஸ் தைமஸ் என்ற சிறு குளவி ஈயின் கூட்டுப்புழுவைத் தேடிப் பிடித்து, ஒன்றுக்குள் பல முட்டைகளை இடுகிறது. மைசூரில் உள்ள மத்தியப் பட்டு ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் இதை வளர்ப்பு மனைகளில் விடும் முறையை உருவாக்கியது. இலையைத் தின்னும் புழு, புழுவைத் தின்னும் ஈ, ஈயைத் தின்னும் குளவி. நெசவாளரின் இழை இந்த ஏணியின் ஒரு படியில் தொங்குகிறது.

சாயத்துக்கு வந்து கள்ளியைத் தின்றது

பூச்சியைக் கடல் தாண்டிக் கொண்டுவருவது எப்போதும் இவ்வளவு திட்டமிட்டு நடந்ததில்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் இருந்த ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் மல்பெரி வளர்ப்பையும் பட்டையும் இங்கே பரப்ப முயன்றவர். பட்டுக்கு ஏறும் சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்க்க சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமும் போட்டார். 1795-இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் பூச்சி வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது வேறு இனம், சாயம் மட்டமானது. சாயத்தில் தோற்ற அந்தப் பூச்சி, ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்று அழிப்பதில் வென்றது. அதைக் கண்டு 1836-க்குப் பிறகு தென்னிந்தியாவிலும், 1865-இல் இலங்கையிலும் கள்ளியை ஒழிப்பதற்காகவே அதைக் கொண்டுபோனார்கள். களையை ஒழிக்கப் பூச்சியை ஏவிய உலக வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

பக்கத்திலேயே நின்ற இன்னொரு வகைச் சப்பாத்திக்கள்ளியை அந்தப் பூச்சி தொடவில்லை. அதற்கு வேறொரு கொச்சினீல் இனத்தை 1920-களில் கொண்டுவர வேண்டியிருந்தது. இரண்டு கள்ளியும் நம் கண்ணுக்கு ஒன்று. பூச்சிக்கு வேறு வேறு. அந்தப் பிடிவாதமான ருசிதான் இத்தகைய முறைக்குப் பாதுகாப்பு. எதையும் தின்னும் எதிரியைக் கொண்டுவந்தால் அடுத்த தொல்லை அதுவாகவே இருக்கும். 2010-இல் குளவியை நேராகத் தோட்டத்தில் விடாமல் முதலில் கூண்டில் வைத்துப் பார்த்ததன் காரணம் இதுவே.

கணக்கை விட்டு வெளியேறிய புழு

இத்தனை ஏற்ற இறக்கத்துக்கு நடுவே ஓர் உயிரின் எண்ணிக்கை மட்டும் வேறு விதமாக முடிவாகிறது. பட்டுப்புழு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர் கையில் வளர்ந்து, காட்டை மறந்துவிட்டது. அதன் அந்துப்பூச்சி சிறகடிக்கும், பறக்காது. புழு இலையைத் தேடிப் போகாது. தட்டில் போட்டால் தின்னும். ஒரு தாய் நானூறு, ஐநூறு முட்டை இட்டாலும் அடுத்த பருவத்தில் எத்தனை புழு பிறக்கும் என்பதை முடிவு செய்வது தோட்டத்து இலை. இலை எவ்வளவு வரும் என்று கணக்குப் பார்த்துத்தான் விவசாயி முட்டைத்தொகுதி வாங்குகிறார். வெர்ஹுல்ஸ்டின் உச்சவரம்பு அவருடைய மனக்கணக்கில் இருக்கிறது. இடத்துக்கு மேல் நெருக்கினால் பால்புழு நோய் பரவும் என்பதும் அவருக்குத் தெரியும். நெருக்கம் கூடினால் நோயும் கூடும் என்பது குளவிக்குச் சொன்ன அதே விதி.

புழுவுக்குக் காவலும் சோறும் நாம்; நமக்கு நூல் அது. எறும்பும் மாவுப்பூச்சியும் செய்துகொண்ட ஒப்பந்தம் இதுவேதான். எறும்பு எதிரியைக் கடிக்கிறது; நாம் வலை கட்டுகிறோம். ஆனால் வலைக்கு வெளியே இருப்பது நம் கையில் இல்லை. மல்பெரிச் செடி வெட்டவெளியில் நிற்கிறது. அங்கே நாம் போடும் காவலைவிட ஒரு மில்லிமீட்டர் குளவி போடும் காவல் பெரிது.

ஆகவே கொல்லையில் செம்பருத்தியோ துத்தியோ வெள்ளை பூத்திருந்தால், உடனே மருந்துக் குப்பியை எடுக்க வேண்டாம். முதலில் லென்ஸை எடுங்கள். பழுப்பேறி உலர்ந்த பூச்சிகள் இருக்கின்றனவா, அவற்றில் வட்ட ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருநூறில் எத்தனை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஓட்டை இருந்தால், எண்ணுவதற்கு அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது.